பின்னோக்கு இணக்கமும் இணைப்புக் கேபிளும்: கேம் பாய் வரிசை குறித்த ஒரு திறனாய்வு

கையடக்க வீடியோ கேம் கருவிகளில், புதிய கருவியில் பழைய கருவியின் விளையாட்டுகளையும் இயக்க முடிவது 'பின்னோக்கு இணக்கம்' எனப்படும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கருவிகளைக் கேபிள் மூலமாகவோ கம்பியில்லா முறையிலோ சேர்த்து, ஆளுக்கொரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுவது 'இணைப்பு விளையாட்டு' எனப்படும். இவ்விரண்டும் ஒன்றையொன்று எவ்வாறு பாதித்தன என்பதைக் காண நிண்டெண்டோ நிறுவனத்தின் கேம் பாய் வரிசையும் அதன்பின் வந்த நிண்டெண்டோ டிஎஸ் கருவியும் சிறந்த சான்றுகள். கேம் பாயும் கேம் பாய் கலரும் சேர்ந்து 11.8 கோடிக்கும் மேல் விற்றன. கேம் பாய் அட்வான்ஸ் 8 கோடிக்கும் மேல், டிஎஸ் 15 கோடிக்கும் மேல் விற்றன.

இக்கருவிகளைப் பற்றிய பெரும்பாலான அறிமுகங்கள் பின்னோக்கு இணக்கத்தை ஒரே கேள்வியில் முடித்துவிடுகின்றன: பழைய கார்ட்ரிட்ஜைச் செருகினால் ஓடுகிறதா, இல்லையா? இந்த அளவுகோல் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். இருவர் ஆடுவதற்கென்று எழுதப்பட்ட விளையாட்டில், ஓடுவது பாதி, இணைவது மறுபாதி. தனியாக ஆடுபவருக்குக் கொடுத்த வாக்கை நிண்டெண்டோ நீண்ட காலம் காப்பாற்றியது. சேர்ந்து ஆடுபவர்களுக்கு அதே வாக்கு 2004-இல் சத்தமின்றி முறிந்தது.

சொல் விளக்கம்

கார்ட்ரிட்ஜ் என்பது விளையாட்டின் நிரல் பதிந்த சில்லு அடங்கிய சிறு பிளாஸ்டிக் பெட்டி. தமிழ்நாட்டில் தொலைக்காட்சியுடன் இணைக்கும் வீடியோ கேம்கள் பரவிய காலத்தில் இதைப் பலரும் 'கேசட்' என்றே அழைத்தனர். பல கேம் பாய் கார்ட்ரிட்ஜ்களில் ஆட்டக்காரரின் முன்னேற்றத்தைச் சேமிக்கும் நினைவகமும், அந்த நினைவகத்துக்கு மின்சாரம் தரும் பொத்தான் பேட்டரியும் இருக்கும். அந்தப் பேட்டரி தீர்ந்தால் சேமித்தவை அழிந்துவிடும்.

ஆகவே பின்னோக்கு இணக்கம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று அடுக்குகள் உள்ளன:

- இயக்கம்: பழைய விளையாட்டு புதிய கருவியில் ஓடுதல்.
- சேமிப்பு: பழைய விளையாட்டில் ஈட்டியதைப் புதிய விளையாட்டுக்குக் கொண்டு செல்லுதல்.
- இணைப்பு: பழைய விளையாட்டில் இருந்த இருவர், நால்வர் ஆட்டம் புதிய கருவியிலும் நடத்தல்.

இந்த மூன்றையும் தனித்தனியே வைத்துப் பார்த்தால்தான் ஒரு கருவியின் தகுதி தெளிவாகும்.

கேபிளின் செயல்முறை

முதல் கேம் பாய் 1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் வெளிவந்தது. குன்பெய் யோகோய் தலைமையிலான குழு அதை உருவாக்கியது. 8 பிட் செயலி, 8 கிலோபைட் முதன்மை நினைவகம், 160 × 144 புள்ளிகள் கொண்ட நான்கு சாயல் திரை, நான்கு பேட்டரிகள் என அக்காலத்துக்கும் எளிமையான அமைப்பு அது. அந்தச் சிக்கனத்துக்கு நடுவிலும் கருவியின் பக்கவாட்டில் இணைப்புக் கேபிளுக்கென்று ஒரு துளை விடப்பட்டது.

அந்தக் கேபிள் வழியே நடப்பது ஒரு பண்டமாற்று. இரு கருவிகளிலும் 8 பிட் கொள்ளும் ஒரு சிறு பதிவகம் உண்டு. ஒரு கருவி தலைமை ஏற்றுத் துடிப்பு அனுப்பும். ஒவ்வொரு துடிப்புக்கும் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிட் அங்கே செல்ல, அதே கணத்தில் அங்கிருந்து ஒரு பிட் இங்கே வரும். எட்டுத் துடிப்புகள் முடிந்தால் இரு கருவிகளும் தம்மிடம் இருந்த ஒரு பைட்டை மாற்றிக்கொண்டிருக்கும். துடிப்பின் வேகம் நொடிக்கு 8,192. எனவே ஒரு பைட் மாற ஏறத்தாழ ஒரு மில்லி நொடி ஆகும். நொடிக்கு அதிகபட்சம் 1,024 பைட் கைமாறும்.

இதில் கவனிக்க வேண்டியது காலம். மறுமுனையில் இருக்கும் கருவி துடிப்பு வரும் கணத்தில் தயாராக இருக்க வேண்டும். 'சற்றுப் பொறு' என்று சொல்லும் ஏற்பாடு இந்த முறையில் இல்லை. விளையாட்டுகளை எழுதியவர்கள் கேபிளின் இந்த உடனடித் தன்மையை நம்பியே தங்கள் நிரலை அமைத்தனர். பின்னாளில் கேபிளை எடுத்துவிட்டுக் கம்பியில்லா இணைப்பை அந்த இடத்தில் வைப்பது எளிதாக இல்லாததற்கு இதுவே முதற் காரணம்.

அமெரிக்காவில் கேம் பாயுடன் சேர்த்தே விற்கப்பட்ட டெட்ரிஸ் விளையாட்டு இந்தக் கேபிளின் பயனை உடனே காட்டியது. ஒருவர் ஒரே அடியில் பல வரிசைகளை நீக்கினால், எதிராளியின் அடுக்கின் அடியில் குப்பை வரிசைகள் ஏறும். ஆனால் இருவருக்கும் ஆளுக்கொரு கருவியும் ஆளுக்கொரு கார்ட்ரிட்ஜும் தேவைப்பட்டன. கேபிள் விளையாட்டின் செலவு தொடக்கத்திலிருந்தே இரட்டிப்பாக இருந்தது என்பதையும் மறக்கலாகாது.

1989 முதல் 2001 வரை: கேபிளும் கூடவே வந்த காலம்

1996-இல் வந்த கேம் பாய் பாக்கெட்டில் இணைப்புத் துளை சிறிதாக்கப்பட்டது. பழைய கேபிள் அதில் பொருந்தாது. ஆனால் இடையில் பொருத்தும் மாற்றி கிடைத்தது. துளையின் வடிவம் மாறினாலும் உள்ளே செல்லும் சமிக்ஞை மாறவில்லை. எனவே பழைய கருவி வைத்திருந்த அண்ணனும் புதிய கருவி வாங்கிய தம்பியும் சேர்ந்து ஆட முடிந்தது.

1998-இல் வந்த கேம் பாய் கலர், முந்தைய விளையாட்டுகளை ஏற்றதோடு அவற்றுக்கு நிறமும் பூசியது. கருவி இயங்கத் தொடங்கும்போது திசைப் பொத்தான்களையும் ஏ, பி பொத்தான்களையும் அழுத்தி 12 நிறத் தொகுப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கறுப்பு நிறக் கார்ட்ரிட்ஜ்கள் பழைய கருவியில் கறுப்பு வெள்ளையாகவும் புதிய கருவியில் நிறத்துடனும் ஓடின. ஒரே விளையாட்டு இரு தலைமுறைக்கும் பொருந்திய இந்த ஏற்பாடு கேம் பாய் வரிசையின் சிறந்த சாதனைகளுள் ஒன்று.

இதே காலத்தில் எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்க ஒரு நிகழ்வும் உண்டு. கேம் பாய் விளையாட்டுகளைத் தொலைக்காட்சியில் ஆட உதவும் சூப்பர் கேம் பாய் 1994-இல் வெளியானது. அதில் இணைப்புத் துளை இல்லை. பெரிய திரையில் டெட்ரிஸ் ஓடியது. கேபிளைச் செருக இடம் இருக்கவில்லை. இக்குறை 1998-இல் ஜப்பானில் மட்டும் வெளியான சூப்பர் கேம் பாய் 2-இல் சரிசெய்யப்பட்டது. முதல் கருவியில் விளையாட்டுகள் சற்று வேகமாக ஓடிய பிழையும் இரண்டாவதில் திருத்தப்பட்டது. வேகப் பிழையும் துளை இல்லாமையும் ஒரே திருத்தத்தில் சேர்ந்தது பொருத்தமே. இரண்டுமே இணக்கத்தின் குறைகள்தாம்.

போக்கிமான்: இணைப்பையே கதையாக்கிய விளையாட்டு

1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளியான போக்கிமான் சிவப்பு, பச்சை பதிப்புகள் இணைப்புக் கேபிளுக்குப் புதிய பொருள் தந்தன. அதுவரை கேபிள் பெரும்பாலும் போட்டிக்கே பயன்பட்டது. இவ்விளையாட்டில் அது பரிமாற்றத்துக்கு ஆனது. கேபிள் வழியே பூச்சிகள் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு ஊர்ந்து போவதாகக் கற்பனை செய்ததிலிருந்தே இவ்விளையாட்டு பிறந்தது என்று இதை உருவாக்கிய சதோஷி தஜிரி கூறியுள்ளார்.

சில உயிரினங்கள் ஒரு பதிப்பில் மட்டுமே கிடைக்கும். கடாப்ரா, மச்சோக், கிராவெலர், ஹான்டர் ஆகிய நான்கும் மற்றவருக்குக் கைமாறினால்தான் உருமாறும். ஒரே ஆள், ஒரே கருவி, ஒரே கார்ட்ரிட்ஜ் என்று இருந்தால் தொகுப்பை முடிக்கவே முடியாது. ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்ற பழமொழியை விதியாக வைத்து எழுதிய விளையாட்டு எனலாம்.

1999 நவம்பரில் தங்கம், வெள்ளி பதிப்புகள் வந்தபோது 'காலப்பேழை' என்ற வசதி அவற்றில் வைக்கப்பட்டது. அதன் மூலம் முதல் தலைமுறை விளையாட்டுடன் இருவழியிலும் உயிரினங்களைப் பரிமாறலாம். இரண்டாம் தலைமுறையில் புதிதாக வந்த உயிரினத்தையோ, புதிய தாக்குதல் கற்றதையோ பழைய விளையாட்டுக்கு அனுப்ப அது மறுத்துவிடும்.

இதன் நுட்பம் வியப்பளிப்பது. முதல் தலைமுறையில் ஒவ்வோர் உயிரினத்தின் பதிவிலும் அதைப் பிடிப்பது எவ்வளவு எளிது என்பதைச் சொல்லும் எண் ஒன்று இருந்தது. பிடித்த பிறகு அந்த எண்ணுக்கு வேலை இல்லை. இரண்டாம் தலைமுறையில் உயிரினங்கள் கையில் ஒரு பொருளை வைத்திருக்கலாம் என்ற புதுமை வந்தபோது, பழைய விளையாட்டிலிருந்து வருபவற்றுக்கு அந்த எண்ணே கைப்பொருளின் எண்ணாகப் படிக்கப்பட்டது. பொருந்தாத எண்களுக்கு மாற்றுப் பட்டியல் ஒன்றும் வைக்கப்பட்டது. அதனால் மூன்றாண்டுக்கு முன் பிடித்த ஓர் உயிரினம் புதிய விளையாட்டுக்குள் கையில் ஒரு பொருளுடன் வந்து சேர்ந்தது. இயக்கம், சேமிப்பு, இணைப்பு என்ற மூன்று அடுக்குகளும் ஒருங்கே நிறைவேறிய இடம் இது.

கேம் பாய் அட்வான்ஸ்: முழுமையும் முதல் விரிசலும்

2001 மார்ச் 21 அன்று ஜப்பானில் வெளியான கேம் பாய் அட்வான்ஸ் 32 பிட் கருவி. பழைய விளையாட்டுகளுக்காக, கேம் பாய் கலரின் 8 பிட் செயலியும் அதனுள் தனியே வைக்கப்பட்டது. பழைய கார்ட்ரிட்ஜ்களுக்கு 5 வோல்ட் வேண்டும், புதியவற்றுக்கு 3.3 வோல்ட் போதும். கார்ட்ரிட்ஜின் வடிவ வேறுபாட்டை உணரும் ஒரு சிறு சுவிட்ச் எந்த மின்னழுத்தம், எந்தச் செயலி என்பதை முடிவு செய்தது.

பழைய விளையாட்டுகளின் இணைப்பும் இதில் வேலை செய்தது. ஆனால் பழைய விளையாட்டை ஆடும்போது கேம் பாய் கலருக்கான கேபிளையே பயன்படுத்த வேண்டும். அட்வான்ஸின் சொந்தக் கேபிள் உதவாது. முறையான கேபிளும் மாற்றியும் இருந்தால் 1989-ஆம் ஆண்டுக் கருவியும் 2001-ஆம் ஆண்டுக் கருவியும் எதிரெதிரே டெட்ரிஸ் ஆட முடிந்தது. 12 ஆண்டு இடைவெளியைக் கடந்த இந்த இணைப்பு கையடக்கக் கருவிகளின் வரலாற்றில் அரியது.

அட்வான்ஸின் சொந்தக் கேபிள் இன்னொரு படி முன்னேறியது. நான்கு பேர் இணையலாம். ஒருவரிடம் மட்டும் கார்ட்ரிட்ஜ் இருந்தாலும், விளையாட்டின் ஒரு சிறு பகுதியைக் கேபிள் வழியே மற்றக் கருவிகளின் 256 கிலோபைட் நினைவகத்துக்கு அனுப்பி எல்லாரும் ஆடலாம். 'மாரியோ கார்ட்: சூப்பர் சர்க்யூட்' விளையாட்டில் இம்முறையில் ஆடும்போது எல்லாருக்கும் வெவ்வேறு நிற யோஷி பாத்திரமே கிடைக்கும். தெரிவுகள் குறைவுதான். ஆயினும் விளையாட்டு வாங்க முடியாத பிள்ளையும் ஆட்டத்தில் சேர முடிந்தது. மேலே சொன்ன இரட்டிப்புச் செலவுக்கு இது நேர்மையான விடை.

விரிசல்களும் இங்கேதான் தொடங்கின. கேம் பாய் கலரில் இருந்த அகச்சிவப்புக் கதிர் வசதி அட்வான்ஸில் நீக்கப்பட்டது. அதனால் தங்கம், வெள்ளி பதிப்புகளில் அகச்சிவப்பு வழியே பரிசு பரிமாறும் வசதி புதிய கருவியில் செயல்படவில்லை. அடுத்து, 2002 நவம்பரில் வந்த போக்கிமான் ரூபி, சஃபையர் பதிப்புகளில் உயிரினப் பதிவின் அமைப்பே மாறியது. முந்தைய தலைமுறையுடன் பரிமாறும் வழி எதுவும் தரப்படவில்லை. தங்கம் பதிப்பும் அட்வான்ஸில் ஓடும். ரூபி பதிப்பும் அட்வான்ஸில் ஓடும். இரண்டு அட்வான்ஸ் கருவிகள் அருகருகே இருந்தும் ஒன்றில் இருப்பது மற்றதற்குப் போகாது. கருவி அளவில் இணக்கம் நிறைவாக இருந்தும் விளையாட்டு அளவில் அறுபடலாம் என்பதற்கு இது தெளிவான சான்று.

நிண்டெண்டோ டிஎஸ்: துளை மறைந்த கருவி

2004 இறுதியில் வெளிவந்த நிண்டெண்டோ டிஎஸ் கருவியில் இரண்டு செருகுமிடங்கள் இருந்தன. ஒன்று டிஎஸ் அட்டைகளுக்கு. மற்றது கேம் பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ்களுக்கு. முதல் கேம் பாயின் விளையாட்டுகளும் கேம் பாய் கலரின் விளையாட்டுகளும் இதில் ஓடா. இக்கருவியில் இணைப்புக் கேபிளுக்கான துளை இல்லை. எனவே அட்வான்ஸ் விளையாட்டுகள் தனி ஆட்டமாக மட்டுமே ஓடின. டிஎஸ் கருவியில் கம்பியில்லா இணைப்பு இருந்தும் பழைய விளையாட்டுகளால் அதைப் பயன்படுத்த முடியவில்லை.

அட்வான்ஸ் விளையாட்டு ஓடும் என்ற கூற்று உண்மை. அது முழு உண்மையா என்பதே கேள்வி. இதைச் சோதிக்க ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டால் போதும்.

ஃபோர் சோர்ட்ஸ்: ஒரே கார்ட்ரிட்ஜில் இரண்டு தலைவிதிகள்

2002 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான 'த லெஜண்ட் ஆஃப் செல்டா: எ லிங்க் டு த பாஸ்ட், ஃபோர் சோர்ட்ஸ்' என்பது அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ். அதில் இரண்டு விளையாட்டுகள் உள்ளன. முதலாவது, பழைய தனியாள் சாகசம் ஒன்றின் மறுபதிப்பு. இரண்டாவதான ஃபோர் சோர்ட்ஸ், இரண்டு முதல் நான்கு பேர் சேர்ந்து ஆடுவதற்கென்றே புதிதாக எழுதப்பட்டது. தனியாக ஆடும் முறை அதில் இல்லவே இல்லை. கனமான கல்லை இருவர் சேர்ந்து நகர்த்துவது போன்ற கூட்டு வேலைகளால் ஆனது அந்த ஆட்டம்.

இந்தக் கார்ட்ரிட்ஜை டிஎஸ் கருவியில் செருகினால் முதல் விளையாட்டு குறையின்றி ஓடும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் அது துணையைத் தேடும். துணை வருவதற்கு வழி கிடையாது. நான்கு டிஎஸ் கருவிகளும் நான்கு கார்ட்ரிட்ஜ்களும் ஒரே மேசையில் இருந்தாலும் பயனில்லை.

இழப்பு இத்துடன் நிற்கவில்லை. தனியாள் விளையாட்டின் இறுதியில் கூடுதலாக வைக்கப்பட்ட ஓர் அரண்மனைக்குள் நுழைய, ஃபோர் சோர்ட்ஸ் விளையாட்டை முடித்திருக்க வேண்டும். ஆகவே டிஎஸ் கருவியை மட்டும் வைத்திருப்பவருக்குத் தனியாள் பகுதியும் முழுமையாகக் கிடைக்காது. கேபிள் போனதால் கேபிளே தேவைப்படாத பகுதியின் கதவும் அடைபட்டது.

2011 செப்டம்பரில் ஃபோர் சோர்ட்ஸ் விளையாட்டின் புதிய பதிப்பைத் தரவிறக்கமாக நிண்டெண்டோ இலவசமாக வழங்கியது. அதில் கம்பியில்லா இணைப்பு இருந்தது. தனியாக ஆடும் முறையும் சேர்க்கப்பட்டது. அந்த வழங்கல் 2012 பிப்ரவரி வரை நீடித்தது. இழந்ததை மீட்க முடியும் என்பதையும், அதற்குப் பழைய விளையாட்டை மீண்டும் எழுத வேண்டியிருந்தது என்பதையும் இந்நிகழ்வு காட்டுகிறது. கையிலிருந்த பழைய கார்ட்ரிட்ஜுக்கு அதனால் ஒரு பயனும் விளையவில்லை.

ஒருவழிப் பாதைகள்

2006 செப்டம்பரில் வந்த போக்கிமான் டயமண்ட், பேர்ல் பதிப்புகள், டிஎஸ் கருவியின் அட்வான்ஸ் செருகுமிடத்தைப் பயன்படுத்தின. பழைய கார்ட்ரிட்ஜைச் செருகி அதிலுள்ள உயிரினங்களைப் புதிய விளையாட்டுக்குக் கொண்டு வரலாம். திருப்பி அனுப்ப முடியாது. காலப்பேழை இருவர் பார்த்துப் பேசிச் செய்த பரிமாற்றமாக இருந்தது. இதுவோ ஒருவர் தம் பொருளைப் பழைய வீட்டிலிருந்து புதிய வீட்டுக்கு எடுத்துச் செல்வது. சேமிப்பு காக்கப்பட்டது, இணைப்பு கைவிடப்பட்டது.

2008 நவம்பரில் ஜப்பானில் வந்த டிஎஸ்ஐ கருவியில் அந்தச் செருகுமிடமும் நீக்கப்பட்டது. பழைய கார்ட்ரிட்ஜ் ஓடாதது மட்டுமின்றி, மேற்சொன்ன ஒருவழிப் பாதையும் அக்கருவியில் மூடப்பட்டது. 2005-இல் வந்த கேம் பாய் மைக்ரோவும் இங்கே குறிப்பிடத்தக்கது. கேம் பாய் என்ற பெயரைத் தாங்கியிருந்தும் முதல் கேம் பாயின் கார்ட்ரிட்ஜ்களை அது ஏற்கவில்லை. அதன் இணைப்புத் துளையும் வேறு வடிவில் அமைந்தது.

எதிர்வாதங்கள்

இந்த விமரிசனத்துக்கு மூன்று மறுப்புகள் கூறப்படலாம். மூன்றிலும் உண்மை உண்டு.

முதலாவது, தொழில்நுட்பத் தடை. கேபிளில் ஒரு மில்லி நொடியில் முடியும் பரிமாற்றம், கம்பியில்லா முறையில் தாமதமாகலாம். தாமதம் ஒரே சீராகவும் இருக்காது. காத்திருக்கத் தெரியாத பழைய நிரல் அப்போது தடுமாறும். 2004-இல் நிண்டெண்டோ அட்வான்ஸுக்கு ஒரு கம்பியில்லாக் கருவியை வெளியிட்டு, ஃபயர் ரெட், லீஃப் கிரீன் போக்கிமான் பதிப்புகளுடன் வழங்கியது. அதற்கென்று எழுதப்பட்ட விளையாட்டுகளில் மட்டுமே அது பயன்பட்டது. ஈராண்டுக்கு முன் வந்த ரூபி, சஃபையர் பதிப்புகளில் பயன்படவில்லை. தடை மெய்யானது. எனினும் டிஎஸ் கருவியில் ஒரு துளை விட்டிருந்தால் கம்பியில்லா முறையைப் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை. தடுத்தது தொழில்நுட்பம் மட்டுமன்று. எது முக்கியம் என்ற தேர்வும்தான்.

இரண்டாவது, டிஎஸ் கருவி தந்த புதிய இணைப்பு மேலானது. 'மாரியோ கார்ட் டிஎஸ்' விளையாட்டில் ஒரே அட்டையை வைத்து எட்டுப் பேர் கேபிள் இல்லாமல் ஆடலாம். இது மறுக்க முடியாத முன்னேற்றம். ஆனால் புதிய பாலம் கட்டியது பழைய பாலத்தை இடித்ததற்கு ஈடாகாது. இரண்டும் வெவ்வேறு ஊர்களுக்குச் செல்பவை.

மூன்றாவது, பெரும்பாலோர் தனியாகவே ஆடினர். கேபிள் வாங்கியவர் சிலரே என்பது. அவ்வாறே இருந்தாலும், இதே வாதப்படி பார்த்தால் பின்னோக்கு இணக்கமே தேவையற்றதாகிவிடும். பழைய விளையாட்டுகளைப் புதிய கருவியில் ஆடுபவர்களும் எல்லாரும் அல்லர். மேலும், தனியாக ஆடுபவர் விளையாட்டை இழந்தால் வேறொன்று வாங்கலாம். இணைந்து ஆடுபவர் இழப்பது தம்மோடு ஆடிய ஒருவருடனான பொழுதை.

ஒப்புமைகள்

எதிர்மாறான நிகழ்வும் உண்டு. சோனியின் பிளேஸ்டேஷன் வீட்டா கருவி (2011), அதற்கு முந்தைய பிஎஸ்பி கருவியின் வட்டுகளை ஏற்கவில்லை. வட்டு வாங்கி வைத்திருந்தவருக்கு இது பேரிழப்பு. ஆனால் தரவிறக்கம் செய்த பிஎஸ்பி விளையாட்டுகளில் அருகிலிருப்போருடன் ஆடும் கம்பியில்லா இணைப்பு வேலை செய்தது. அங்கே பொருள் போயிற்று, துணை எஞ்சியது. டிஎஸ் கருவியிலோ பொருள் எஞ்சியது, துணை போயிற்று.

நிண்டெண்டோவின் 3டிஎஸ் (2011) இன்னும் தெளிவான பாடம். அது டிஎஸ் விளையாட்டுகளை இயக்கியதோடு, டிஎஸ் கருவிகளுடன் நேரடிக் கம்பியில்லா இணைப்பையும் தக்கவைத்தது. டிஎஸ் விளையாட்டுகளுக்கான இணையச் சேவை 2014 மே மாதம் நிறுத்தப்பட்டது; 3டிஎஸ் கருவியின் இணைய ஆட்டம் 2024 ஏப்ரலில் முடிவுக்கு வந்தது. இருந்தும் ஒரே அறையில் இருக்கும் இருவர் இன்றும் அக்கருவிகளில் சேர்ந்து ஆடலாம். நிறுவனத்தின் கணினி நின்றாலும் நேரடி இணைப்பு நிற்பதில்லை. அந்த வகையில் 1989-ஆம் ஆண்டின் கேபிளே எல்லாவற்றிலும் உறுதியானது. கேபிளும் கருவியும் கெடாதவரை அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

மென்பொருள் வழி மீட்பு

பழைய கருவிகளைப் போலச் செயல்படும் மென்பொருள்கள் எமுலேட்டர் எனப்படும். தாமதச் சிக்கலுக்கு அவற்றுள் சில நல்ல தீர்வு கண்டன. இரு கருவிகளையும் ஒரே கணினிக்குள் இயக்கிவிட்டால் கேபிளும் அந்தக் கணினிக்குள்ளேயே அமைந்துவிடும். தொலைவிலுள்ளவருடன் ஆட, பொத்தான் அழுத்தங்களை மட்டும் அனுப்பினால் போதும்.

நிண்டெண்டோ 3டிஎஸ் கருவியில் விற்ற பழைய கேம் பாய் விளையாட்டுகளில் பொதுவாக இருவர் ஆட்டம் இல்லை. 2016 பிப்ரவரி 27 அன்று வெளியான போக்கிமான் சிவப்பு, நீலம், மஞ்சள் பதிப்புகள் விலக்காக அமைந்தன. அவற்றில் கேபிளுக்குப் பதில் கம்பியில்லா முறையில் பரிமாறலாம். பரிமாற்றம் இல்லாமல் அவ்விளையாட்டை விற்க இயலாது என்பதை இது ஒப்புக்கொள்கிறது. எனினும் பழைய கார்ட்ரிட்ஜுடன் இவை இணையவில்லை. 2023 பிப்ரவரியில் ஸ்விட்ச் கருவியின் சந்தா சேவையில் கேம் பாய், அட்வான்ஸ் விளையாட்டுகள் சேர்க்கப்பட்டபோது, அருகிலிருப்போருடனும் இணையம் வழியாகவும் சேர்ந்து ஆடும் வசதி கிடைத்தது. 2004-இல் முறிந்தது ஏறத்தாழ 19 ஆண்டுகளுக்குப் பின் வேறு வடிவில் திரும்பியது. இதற்குச் சந்தா கட்ட வேண்டும். சேவை நிற்கும் நாளில் இதுவும் நிற்கும்.

மதிப்பீடு

மூன்று அடுக்குகளையும் வைத்துப் பார்த்தால், கேம் பாய் கலர் மூன்றிலும் சிறந்து நிற்கிறது. அட்வான்ஸ் கருவி இயக்கத்தில் முழுமையும், இணைப்பில் பெரும்பகுதியும் பெறுகிறது. டிஎஸ் கருவி அட்வான்ஸ் விளையாட்டுகளின் இயக்கத்தைக் காத்து, சேமிப்புக்கு ஒருவழிப் பாதை விட்டு, இணைப்பை முற்றாக இழந்தது. ஆனால் 'பழைய விளையாட்டுகள் ஓடும்' என்ற ஒரே சொற்றொடர் இம்மூன்று கருவிகளுக்கும் ஒரே பொருளில் வழங்கி வருகிறது.

பல்லாங்குழிப் பலகையைக் கீறலின்றிக் காத்து வைத்தாலும் எதிரே உட்கார ஆள் வராவிட்டால் அது மரத்துண்டுதான். இருவர் விளையாட்டைப் பாதுகாப்பதும் அத்தகையது. பழைய மின்னணு விளையாட்டுகளைத் தொகுப்போரும், அவற்றைப் பற்றி எழுதுவோரும், புதிய கருவிகளை மதிப்பிடுவோரும் 'ஓடுகிறதா' என்பதோடு 'எத்தனை பேருக்கு ஓடுகிறது' என்றும் கேட்க வேண்டும். அந்த இரண்டாம் கேள்வியை 2004-இல் போதிய பேர் உரக்கக் கேட்டிருந்தால், டிஎஸ் கருவியின் ஓரத்தில் ஒரு சிறு துளை இருந்திருக்கக்கூடும்.